போகங்களுக்கு இடையில் வீட்டுத்தோட்டம்: செத்தெம்பர் மாத மரக்கறி அறுவடையும் பெரும்போக ஆயத்தமும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்
• மரக்கறிகளின் அறுவடைச் சுட்டிகளைக் கூறவும்
• சரியான அறுவடை முறைகளைக் காரணங்களுடன் விளக்கவும்
• அறுவடைக்குப் பின்னரான இழப்பைக் கணிக்கவும்
• பெரும்போகத்துக்கான நாற்றுமேடையைத் திட்டமிடவும்
முடிதல் வேண்டும்.

1. அறிமுகம்

இலங்கையின் உலர் வலயத்தில் சராசரி வருடாந்த மழைவீழ்ச்சி 1750 மில்லிமீற்றரிலும் குறைவாகும். அம்மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலத்திலேயே கிடைக்கின்றது. ஆகவே செத்தெம்பர் மாதம் தோட்டத்தில் இரண்டு வேலைகள் சந்திக்கும் மாதமாகும். சிறுபோகத்தில் கிணற்று நீரால் வளர்ந்த கத்தரி, வெண்டி, பயற்றை, பூசணி முதலியவற்றின் இறுதி அறுவடை ஒன்று. மழையை எதிர்பார்த்து நாற்றுமேடை இடுதல் மற்றொன்று.

வீட்டுத்தோட்டம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நன்கு உணர்த்தியது. உணவுப் பற்றாக்குறையைச் சமாளிப்பதற்காக அரச ஊழியர்கள் பயிர்செய்கையில் ஈடுபடும் வகையில் வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அவ்வாண்டு யூன் மாதத்தில் அமைச்சரவை அனுமதி அளித்தது. ஆயினும் பயிரை நட்டு வளர்த்தால் மட்டும் உணவு கிடைத்துவிடாது. உரிய நாளில், உரிய முறையில் பறிக்கப்பட்ட காயே சமையலறையை வந்தடையும்.

2. எப்போது பறிப்பது?

முதிர்ச்சியை இரண்டு வகையாக நோக்கலாம்.

(அ) உடற்றொழிலியல் முதிர்ச்சி: காயும் அதனுள் உள்ள வித்துகளும் தமது வளர்ச்சியைப் பூர்த்தி செய்த நிலை.
(ஆ) அறுவடை முதிர்ச்சி: நாம் பயன்படுத்தும் தேவைக்குப் பொருத்தமான நிலை.

இவை இரண்டும் எல்லாப் பயிர்களிலும் ஒரே நாளில் வருவதில்லை. வெண்டி, பயற்றை, கத்தரி, கெக்கரி, பாகல் ஆகியன உடற்றொழிலியல் முதிர்ச்சியை அடைய முன்னரே, பிஞ்சாகவோ இளங்காயாகவோ பறிக்கப்படும். பூசணி, தக்காளி ஆகியன அந்நிலையை அடைந்த பின்னரே பறிக்கப்படும்.

தாவரத்தின் நோக்கம் வித்தை உருவாக்குவதாகும். நமது நோக்கமோ இளசான காயைப் பெறுவதாகும். வெண்டிச் செடியில் ஒரு காயை முற்ற விட்டால் இலைகளில் தயாரிக்கப்படும் உணவின் பெரும்பகுதி அக்காயின் வித்துகளை நோக்கிச் செல்லும்; புதிய பூக்களும் காய்களும் குறையும். காய்களை ஒழுங்காகப் பறித்துவந்தால் அவ்வுணவு புதிய பூக்களுக்கும் காய்களுக்கும் கிடைக்கும். எனவே பறித்தல் என்பது விளைச்சலைக் கூட்டும் ஒரு பயிர்ப் பராமரிப்பு வேலையுமாகும். இதனை விளங்கிக்கொண்டால் அறுவடை பற்றிய "ஏன்?" வினாக்கள் பலவற்றுக்கு மனனம் செய்யாமலேயே விடை எழுதலாம்.

3. சில பயிர்களின் அறுவடைச் சுட்டிகள்

வெண்டி: காயின் நுனியை வளைத்தால் இலகுவாக முறியும். இரு நாட்களுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். நுனி முறியாமல் வளைந்தால் நார் பிடித்துவிட்டது எனக் கொள்க.

பயற்றை: காய் உரிய நீளத்தை அடைந்து, வித்துகள் புடைக்க முன்னர். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை.

கத்தரி: தோல் பளபளப்பாக இருக்கும்போது. பளபளப்புக் குறைந்து மங்கினால் வித்து முற்றத் தொடங்கிவிட்டது.

பாகல்: காய் பச்சையாகவும் உறுதியாகவும் இருக்கும்போது. மஞ்சள் நிறம் தோன்றினால் காலம் கடந்துவிட்டது.

பூசணி: காம்பு காய்ந்து கடினமாகும், தோலை நகத்தால் குத்தினால் நகம் இறங்காது.

தக்காளி: தூரத்துச் சந்தைக்கு முதிர்ந்த பச்சை நிலையில் அல்லது நிறம் மாறத் தொடங்கும் நிலையில், வீட்டுத் தேவைக்கு நன்கு சிவந்த நிலையில்.

கீரை: விதைத்து மூன்று நான்கு வாரங்களில், பூக்க முன்னர்.

சின்ன வெங்காயம்: அரைவாசிக்கு மேற்பட்ட தாள்கள் சாய்ந்து மஞ்சளாகும்போது. பிடுங்கியபின் தாள்களால் குமிழ்களை மூடிச் சில நாட்கள் உலரவிட வேண்டும்.

தக்காளியை மட்டும் இரு நிலைகளில் பறிக்கக் கூடியதாக இருப்பது ஏன்? முதிர்ந்த தக்காளி பறித்த பின்னரும் எதிலீன் வாயுவை உருவாக்கித் தானே பழுக்கும். முதிராத இளங்காய்க்கு இவ்வியல்பு இல்லை. அதைப் பறித்து வைத்தால் நன்கு பழுக்காது சுருங்கிவிடும்.

4. எவ்வாறு பறிப்பது?

• காலையில் பனி உலர்ந்த பின்னர், வெயில் ஏற முன்னர் பறிக்க வேண்டும். நண்பகலில் பறித்த காயில் வெப்பம் தங்கியிருக்கும். வெப்பநிலை கூடும்போது சுவாசவீதமும் நீரிழப்பும் கூடுவதால் காய் விரைவில் வாடும். ஈரத்துடன் பறித்து அடுக்கினால் பங்கசும் பற்றீரியாவும் இலகுவில் பெருகும்.

• கத்தரி, பூசணி ஆகியவற்றைக் கூரிய கத்தியால் காம்புடன் வெட்ட வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் கிளை முறியும். காயில் உண்டாகும் காயத்தினூடாக அழுகல் புகும்.

• தக்காளியைக் காம்பின்றிப் பறிப்பது நன்று. காம்பு இருந்தால் கூடையில் அடுத்த பழத்தைக் குத்தும்.

• பீடைநாசினி தெளித்திருந்தால் அதன் சுட்டுத்துண்டில் குறிப்பிடப்பட்டுள்ள நாட்கள் கழியும் வரை பறிக்கக் கூடாது. வீட்டுத்தோட்டத்தில் அந்த எச்சத்தை உண்பவர்கள் நமது குடும்பத்தினரே என்பதை மறவாதீர்கள்.

• பறித்தவற்றை நிழலில் வைத்துத் தரம்பிரிக்க வேண்டும். பழுத்த தக்காளியைக் கீரை, கெக்கரி ஆகியவற்றுடன் ஒன்றாக வைக்கக் கூடாது. எதிலீன் காரணமாக அவை விரைவில் மஞ்சளாகும்.

• கத்தரி, வெண்டி, கெக்கரி என்பன வெப்பவலயப் பயிர்கள். குளிர்சாதனப் பெட்டியின் மிகக் குளிரான பகுதியில் பல நாட்கள் வைத்தால் அவற்றில் குழிகளும் கரும்புள்ளிகளும் தோன்றும். கரட், கோவா ஆகியன அக்குளிரைத் தாங்கும்.

5. அறுவடைக்குப் பின்னரான இழப்பு

நமது நாட்டில் மரக்கறி, பழங்களில் ஏறத்தாழ 30 – 40 சதவீதம் அறுவடைக்குப் பின்னர் வீணாகின்றது எனப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. முற்றிய அல்லது இளம் பருவத்தில் பறித்தல், சாக்குகளில் அமுக்கி நிரப்புதல், லொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுதல், வெயிலில் வைத்திருத்தல் என்பன முக்கிய காரணங்களாகும்.

சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் கூடைகளைப் பயன்படுத்தினால் மேலுள்ள பாரம் கூடையின் சுவர்களில் தாங்கப்படும், காய்கள் நசுங்கமாட்டா. ஆயினும் 2011 ஆம் ஆண்டின் இறுதியில் கூடைகளைக் கட்டாயமாக்க அரசு முயன்றபோது விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். கூடையின் விலை, ஒரு லொறியில் ஏற்றக்கூடிய அளவு குறைதல், வெற்றுக் கூடைகளைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு என்பன இத்தகைய மாற்றத்தில் எழும் நடைமுறைப் பிரச்சினைகளாகும். ஒரு தொழினுட்பத்தைப் பற்றி எழுதும்போது அதன் நன்மையுடன் இத்தகைய தடைகளையும் குறிப்பிடுங்கள்.

கணிப்பு (எண்கள் பயிற்சிக்காகத் தரப்பட்டவை)

ஒருவர் 200 கிலோகிராம் தக்காளியைச் சாக்குகளில் அனுப்புகின்றார். 30 கிலோகிராம் நசுங்கி வீணாகின்றது. செய்கைக்கும் போக்குவரத்துக்குமான மொத்தச் செலவு ரூபா 20,400.

இழப்புச் சதவீதம் = (30 ÷ 200) × 100 = 15%
இழப்பு இல்லாவிடின் ஒரு கிலோகிராமுக்கான செலவு = 20,400 ÷ 200 = ரூபா 102
இழப்புடன் ஒரு கிலோகிராமுக்கான செலவு = 20,400 ÷ 170 = ரூபா 120

வீணான 30 கிலோகிராமுக்கும் நீர், பசளை, உழைப்பு செலவாகிவிட்டது. அச்செலவை எஞ்சிய 170 கிலோகிராமே சுமக்கின்றது.

6. வித்துக்காக விடும் காய்கள்

உண்பதற்குப் பறிக்கும் விதியை வித்துக்கு மாற்றிப் பின்பற்ற வேண்டும். நோயற்ற, நன்கு காய்த்த ஒரு சில செடிகளைத் தெரிந்து அடையாளமிடுங்கள். வெண்டிக்காயைச் செடியிலேயே உலர விடுங்கள். கத்தரிக்காய் மஞ்சளாகும் வரை காத்திருங்கள். நன்கு பழுத்த தக்காளியின் சாற்றை வித்துடன் பிழிந்து, உலோகமல்லாத பாத்திரத்தில் ஏறத்தாழ ஒரு நாள் நொதிக்கவிட்டுக் கழுவினால் வித்தைச் சூழ்ந்த வழுவழுப்பான படை நீங்கும். வித்துகளை நிழலில் உலர்த்திக் காற்றுப்புகாத போத்தலில் சேமிக்கவும்.

கலப்பின வர்க்கங்களின் வித்தைச் சேமிப்பது பொருத்தமன்று. அடுத்த சந்ததியில் இயல்புகள் பிரிகை அடைவதால் செடிகள் ஒரே சீராக அமையமாட்டா. விஞ்ஞான பாடத்தில் கற்ற மெண்டலின் பரிசோதனைகளை இதனுடன் தொடர்புபடுத்திப் பாருங்கள்.

7. பெரும்போக நாற்றுமேடை

கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றை முதலில் நாற்றுமேடையில் வளர்த்துப் பின்னர் நடுவர். செத்தெம்பரில் விதைத்தால் மூன்று நான்கு வாரங்களில், அதாவது ஒக்டோபர் மழை தொடங்கும் காலத்தில், நாற்றுகள் நடுகைக்கு ஆயத்தமாகும்.

• 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 15 சதமமீற்றர் உயரமுள்ள மேடை அமைக்கவும். உயரம் இருந்தால் மழைநீர் தேங்காது. அகலம் 1 மீற்றராக இருந்தால் மேடையை மிதிக்காது களை பிடுங்கலாம்.
• வைக்கோலையும் உமியையும் மாறிமாறி அடுக்கி எரித்து மண்ணைத் தொற்றுநீக்கவும். இதனால் நாற்றுகளின் அடி அழுகும் நோய் குறையும்.
• நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நிழலையும் நீரையும் படிப்படியாகக் குறைத்து நாற்றுகளை வன்மைப்படுத்தவும்.
• கத்தரி நின்ற பாத்தியில் மீண்டும் கத்தரி, தக்காளி, மிளகாய் நடக் கூடாது. இவை மூன்றும் சொலனேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. பற்றீரிய வாடல் நோய் மண்ணினூடாகத் தொடரும். அப்பாத்தியில் பயற்றை போன்ற அவரையினப் பயிரை இடலாம்.

கணிப்பு: 4.5 மீற்றர் × 3 மீற்றர் நிலத்தில் 90 × 60 சதமமீற்றர் இடைவெளியில் கத்தரி நடத் தேவையான நாற்றுகள் = 13.5 ÷ (0.9 × 0.6) = 25. இறக்கும் நாற்றுகளுக்குப் பதிலிட 10% கூட்டினால் 28 நாற்றுகள் போதும்.

8. பரீட்சைக் குறிப்பு

"காரணம் தருக" என வினவப்பட்டால் செயல், காரணம், விளைவு ஆகிய மூன்றையும் எழுதுங்கள்.

வினா: மரக்கறிகளைக் காலை வேளையில் அறுவடை செய்ய வேண்டும். காரணம் தருக.
போதாத விடை: அப்போதுதான் புதிதாக இருக்கும்.
சிறந்த விடை: காலையில் காயின் வெப்பநிலை குறைவாக இருக்கும். அதனால் சுவாசவீதமும் நீரிழப்பும் குறையும். இதனால் காய் வாடாது நீண்ட நேரம் தரத்துடன் இருக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. உடற்றொழிலியல் முதிர்ச்சிக்கு முன்னர் அறுவடை செய்யப்படும் மரக்கறிகள் மூன்று தருக.
2. வெண்டிக்காயை இரு நாட்களுக்கு ஒருமுறை பறிப்பதால் விளைச்சல் கூடுவது எவ்வாறு என விளக்குக.
3. 150 கிலோகிராம் கத்தரியில் 18 கிலோகிராம் பழுதடைந்தது. இழப்புச் சதவீதத்தைக் காண்க. (விடை: 12%)
4. உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு அல்லது பாடசாலைத் தோட்டத்துக்குச் செத்தெம்பர் முதல் திசெம்பர் வரையான வேலை அட்டவணை ஒன்றைத் தயாரிக்க.

நான்காம் வினாவுக்குத் தோட்டத்துக்கே சென்று விடை தேடுங்கள். ஒரு வெண்டிச் செடியில் காய்களை ஒழுங்காகப் பறித்தும், அருகிலுள்ள இன்னொன்றில் முற்றவிட்டும் இரண்டு வாரங்கள் பூக்களை எண்ணிக் குறித்து வாருங்கள். இரண்டாம் வினாவுக்கான விடையும் உங்கள் குறிப்பேட்டிலேயே கிடைக்கும்.