சந்ததி இருக்கிறது, தலைமுறை எங்கே?

வேதபாடம்: நியாயாதிபதிகள் 2:6-10



'சந்ததி', 'தலைமுறை' என்கிற வார்த்தைகளை வேதத்தில் அடிக்கடி வாசிக்கிறோம். இரண்டும் ஒன்றுதானே என்று கடந்துபோகிறோம். இன்று சற்று நின்று பார்ப்போம்.

1. வித்து: ஆபிரகாமுக்குத் தேவன் சந்ததியை வாக்குப்பண்ணினார் (ஆதியாகமம் 12:7). அங்கே எபிரெய வார்த்தை 'ஸேரா', அதாவது வித்து. பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று இரத்தத்தில் தானாக வருவது.

2. தலைமுறை: ஒரே காலத்தில் வாழ்கிற ஜனம். எபிரெயத்தில் 'தோர்'. நம்ம தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னடத்தில் 'தலெமாரு', தெலுங்கில் 'தரம்' என்கிறார்கள்.

இப்போது கவனியுங்கள். நியாயாதிபதிகள் 2:10-ல் தமிழில் 'சந்ததி' என்றிருந்தாலும், மூலத்தில் இருப்பது 'தோர்'. யோசுவா 110 வயதில் மரித்தான். அவன் காலத்தாரும் போனார்கள். பின்பு எழும்பினவர்களோ கர்த்தரையும் அவர் செய்தவைகளையும் அறியவில்லை. வித்து அற்றுப்போகவில்லை, சாட்சி அற்றுப்போயிற்று!

3. வயது: 1 யோவான் 2:12-14-ல் பிள்ளைகள், வாலிபர், பிதாக்கள் என்று மூன்று கூட்டத்தார். மூவருக்கும் ஒரே நிருபம். வாலிபரிடம் பெலன் உண்டு. பிதாக்களோ ஆதிமுதல் இருக்கிறவரை அறிந்தவர்கள். ஒருவருக்கொருவர் தேவை.

ஒரு வீட்டு ஜெபத்தில் ஒரு அவ்வா கண்ணீரோடு தெலுங்கில் சாட்சி சொன்னார்கள். பக்கத்தில் இருந்த பேத்தியிடம், "பாட்டி என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டேன். "தெரியல பாஸ்டர்" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. என் வீட்டிலும் அதே கதைதான். மகன் ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை, நான் ஊழியம் என்று வெளியே. கர்த்தர் என்னை எப்படிச் சந்தித்தார் என்று அவனுக்கு உட்கார்ந்து சொன்னதே இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லுகிறேன்!

தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது (2 தீமோத்தேயு 1:5). அந்த வீட்டில் மூன்று தலைமுறை அறுந்துபோகவில்லை.

இந்த வாரம் செய்யவேண்டியது: வீட்டில் எல்லாரும் இருக்கிற ஒரு வேளையில் டிவியை நிறுத்துங்கள். பெரியவர்கள் ஒரே ஒரு சாட்சி சொல்லட்டும். பிள்ளைக்குப் பாஷை புரியாவிட்டால் அம்மா தமிழில் சொல்லிக்கொடுக்கட்டும். பிறகு பிள்ளையே ஜெபித்து முடிக்கட்டும்.

நானும் என் மகனோடு தொடங்கிவிட்டேன். நீங்களும் தொடங்குங்கள். கர்த்தர் உங்கள் வீட்டை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.