கன்று குடித்தது போக

புவனகிரி

அன்புள்ள மலருக்கு,

மாமா எழுதுவது. கடலூரில் பக்கத்து வீட்டார் கொடுத்த சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வைத்தீர்களாம். உறை ஊற்றாமலே கட்டியாகிவிட்டதே, எப்படி என்று கேட்டிருந்தாய்.

வழக்கமான பசும்பாலில் புரதம் நூற்றுக்கு மூன்று பங்கு சொச்சம். ஈன்றவுடன் கறக்கும் சீம்பாலில் 14 பங்குகூட இருக்கும். அதில் பெரும்பகுதி, முட்டையின் வெள்ளைக்கரு போல, சூடு பட்டால் இறுகிவிடும். பால் சொசைட்டியில் சீம்பாலை எடுக்காததற்கும் இதுவே காரணம். கலந்தால் காய்ச்சும்போது மொத்தமும் திரிந்துபோகும்.

அப்படி இறுகுவதில் பெரும்பங்கு நோய் எதிர்ப்புப் புரதம். நீயும் நானும் தாய் வயிற்றிலேயே நஞ்சுக்கொடி வழியாக அதில் கொஞ்சம் வாங்கிக்கொண்டுதான் பிறந்தோம். கன்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. அதனால் பிறந்த கன்றின் குடல், இந்தப் புரதத்தைச் செரிக்காமல் முழுசாகவே ரத்தத்தில் சேர்க்கும். முதல் ஆறு மணி நேரம் நன்றாக நடக்கும். பிறகு குறைந்துகொண்டே வந்து, 24 மணி நேரத்தில் அநேகமாக நின்றுவிடும். 30 கிலோ கன்றுக்கு அதற்குள் மூன்று லிட்டர் போக வேண்டும். மிச்சம்தான் நம் அடுப்புக்கு.

"நஞ்சு விழட்டும், அப்புறம் ஊட்ட விடு" என்று கன்றைப் பிடித்துக் கட்டுகிற பெரியவர்கள் இன்னும் உண்டு. எனக்கு ஆத்திரமாக வரும். கன்று முட்டிக் குடித்தால்தான் கருப்பை சுருங்கும், நஞ்சும் சீக்கிரம் விழும்.

மனுஷத் தாய்க்கும் முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால்தான். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, முதல் நாள் வேளைக்கு ஒரு டீஸ்பூன் போலத்தான் வரும். குழந்தையின் இரைப்பைக்கு அது போதும். இதிலுள்ள எதிர்ப்புப் புரதம் பெரும்பாலும் ரத்தத்தில் சேராமல் குடலின் உள்சுவரிலேயே படிந்து காவல் காக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீடுகளிலோ, "பால் ஊறலை" என்று சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால்!

சிதம்பரத்து முனிவர் வியாக்கிரபாதரின் பிள்ளை உபமன்யு பாலுக்கு அழுதபோது, வழியில்லாத தாய் மாவைக் கரைத்துக் கொடுத்தாள் என்று கதை உண்டு. பாலை வைத்துக்கொண்டே சர்க்கரையைக் கரைப்பதற்கு நாம் என்ன காரணம் சொல்வது?

அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். சேனை வைக்க யாராவது தேன் கொண்டுவந்தால் வாங்கி நீயே வைத்துக்கொள். ஒரு வயதுக்குள் தேன் ஆகாது, சில சமயம் அதில் உயிருக்கே ஆபத்தான கிருமி இருக்கும். ஆயாவிடம் சண்டை போடாதே. நர்ஸம்மாவை விட்டுச் சொல்லச் சொல்.

அன்புடன்,
மாமா