கிளட்ச் ஸ்பிரிங்கும் அலங்காரச் சாமான்களும்: வாங்கும் முன் ஒரு பாடம்

சென்ற மாதம் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் கரோல் பாக் கடைத்தெருவிலிருந்து நேரே என் வீட்டிற்கு வந்தார். கையிலிருந்த பையில் சிவப்பு வர்ணம் பூசிய நான்கு கிளட்ச் ஸ்பிரிங்குகள், குட்டையான ஒரு ஜோடி லீவர்கள், பொட்டு அளவில் இரண்டு கண்ணாடிகள். "மாமா, மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. கிளட்ச் ஸ்லிப்பாம். இந்த ஹார்டு ஸ்பிரிங்கைப் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள். போட்டுவிடலாமா?" என்றார். அவருக்குச் சொன்னது மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

ஸ்பிரிங்கின் வேலை என்ன?

நம் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது எண்ணெயில் நனைந்த பல தட்டு கிளட்ச். உராய்வுத் தட்டும் இரும்புத் தட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். அவற்றை இறுக்கிப் பிடிப்பவை ஸ்பிரிங்குகள். லீவரை அழுத்தினால் பிடி தளரும். விட்டால் மீண்டும் இறுகும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. உராய்வுத் தட்டுகள் ஐந்து என்றும், ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. தேய்ந்தது என்றும் கொள்வோம். மொத்த அடுக்கு 1 மி.மீ. மெலிகிறது. ஸ்பிரிங் 10 மி.மீ. அமுங்கியிருந்த இடத்தில் இப்போது 9 மி.மீ.தான் அமுங்கும். பிடியில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. ஸ்பிரிங் கெடவில்லை, தட்டுதான் தேய்ந்தது. அங்கே கடின ஸ்பிரிங் போடுவது நோயை விட்டு வலிக்கு மட்டும் மருந்து கொடுப்பது போல.

முதலில் சோதிக்க வேண்டியவை

1. கேபிள்: லீவர் நுனியில் சிறிது வெற்று அசைவு இருக்க வேண்டும். பல வண்டிகளில் 10 முதல் 20 மி.மீ. வரை, உங்கள் வண்டிக்கு உரியதைக் கையேட்டில் பார்க்கவும். அசைவே இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாக அழுந்தியே இருக்கும்.

2. ஆயில்: டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா எனப் பார்க்கவும். கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அது காருக்கு நல்லது, நனைந்த கிளட்சுக்கு ஆகாது.

3. தட்டு: தடிமனை வெர்னியரால் அளந்து, கையேட்டிலுள்ள கடைசி அளவோடு ஒப்பிடவும்.

4. ஸ்பிரிங்: கழற்றி வைத்த நிலையில் நீளத்தை அளக்கவும். ஒன்று குறைந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றவும்.

ரயில்வேயில் நான் பணியிலிருந்தபோது ஐ.சி.எஃப். பெட்டிகளின் சுருள் ஸ்பிரிங்குகளைச் சுமை ஏற்றி உயரம் அளந்து, ஏ, பி, சி எனப் பிரித்து, நிறம் அடையாளமிட்டு வைப்போம். ஒரு போகிக்கு ஒரே பிரிவுதான். சிறிய கிளட்சுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் தட்டு நேராக விலகாது. மாட்டும்போதும் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

ஹார்டு ஸ்பிரிங் என்றால் எவ்வளவு ஹார்டு?

மற்ற அளவுகள் மாறாதபோது, ஸ்பிரிங்கின் கடினம் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ. கம்பியை 2.2 ஆக்கினால் தடிமன் 10 சதவீதம்தான் கூடுகிறது. கடினமோ 46 சதவீதம் கூடுகிறது! அத்தனையும் நம் விரலிலும் கேபிளிலும்தான் இறங்கும். குட்டை லீவரும் சேர்ந்தால் நெம்புகோல் நீளம் குறைந்து இன்னும் கனக்கும். கம்பி தடித்தால் சுருள்கள் சீக்கிரமே ஒன்றோடொன்று முட்டி, கிளட்ச் முழுதாக விலகாமலும் போகலாம்.

இது நான் பட்டு அறிந்தது. இளவயதில் என் வண்டியில் ஆசைப்பட்டு கடின ஸ்பிரிங் போட்டேன். சில மாதங்கள் கழித்து ஒரு சிக்னலில் முதல் கியரில் லீவரைப் பிடித்தபடி நின்றிருந்தேன். கேபிள் அறுந்தது. வண்டி துள்ளிப் பாய்ந்து அணைந்தது. பின்னால் அமர்ந்திருந்த என் மனைவி கீழே விழுந்தார். மணிக்கட்டு சுளுக்கோடு போயிற்று; பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது. அந்தப் பஸ்ஸை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அலங்காரச் சாமான்கள்

கைப்பிடி உறை, டேங்க் ஸ்டிக்கர், சீட் கவர் போன்றவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் லீவர் வாங்கினால் நுனியில் உருண்டை உள்ளதாக, ஹாண்டில் திரும்பும்போது எங்கும் இடிக்காததாக இருக்கட்டும். கண்ணாடியில் உங்கள் தோளுக்குப் பின்னுள்ள சாலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் நகை. சத்தம் போடும் சைலன்சரும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது சேலை கார்டு. அழகு கெடுகிறது என்று இளைஞர்கள் முதலில் கழற்றுவது இதைத்தான். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்சக்கரத்தில் பாதியாவது மூடும் தடுப்பு, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் ஆகியவை வேண்டும் என்கிறது. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ ஆரக்காலில் சிக்கினால், பிரேக்கை அழுத்தவும் நேரம் இருக்காது.

அந்த இளைஞர் வண்டியை அன்றே பார்த்தோம். கேபிளில் வெற்று அசைவு துளியும் இல்லை; ஊற்றியிருந்தது கார் ஆயில். ஆயிலை மாற்றி, கேபிளைச் சரிசெய்தோம். தட்டும் ஸ்பிரிங்கும் அளவுக்குள்ளேயே இருந்தன. மேம்பாலத்தில் வண்டி ஒழுங்காக ஏறிற்று. சிவப்பு ஸ்பிரிங்குகள் கடைக்கே திரும்பின. பரணில் கிடந்த சேலை கார்டும் மீண்டும் வண்டியில் ஏறியது. வெள்ளிக்கிழமைதோறும் அவர் அம்மாவை மலை மந்திருக்கு அழைத்துச் செல்வது அதே வண்டியில்தான்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள். வெர்னியர் இல்லாதவர்கள் ஞாயிறு காலை சங்க நூலகத்திற்கு வரலாம். என்னுடையதைக் கொண்டு வருகிறேன்.