பாதியில் விட்ட மாத்திரை

எச்.ஐ.வி. உள்ளவர் கூட்டு மருந்து சாப்பிட ஆரம்பித்துச் சில மாதங்களில் பசி எடுக்கும், எடை கூடும், முகம் தெளியும். ஆபத்தே அப்போதுதான் வருகிறது. "உடம்புதான் நல்லாயிருக்கே, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. என்னைப் போன்ற சித்த மருத்துவர்களிடம் வந்து, "அந்த இங்கிலீஷ் மருந்தை விட்டுட்டேன் ஐயா, நீங்க ஒரு சூரணம் கொடுங்க" என்பவர்களும் உண்டு. விட்டால் உடலுக்குள் என்ன நடக்கிறது தெரியுமா?

இந்தக் கிருமி, சி.டி.4 என்ற வெள்ளை அணுவுக்குள் புகுந்து தன்னையே நகல் எடுக்கிறது. மருந்தில்லாத உடலில் ஒரே நாளில் சுமார் ஆயிரம் கோடி புதுக் கிருமிகள் உண்டாகலாம்! எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தாத குமாஸ்தா மாதிரி, நகலெல்லாம் பிழை. பெரும்பாலான பிழைகளால் கிருமிக்கு லாபமில்லை. ஏதோ ஒரு பிழை மட்டும் மருந்துக்குப் பிடிபடாத கிருமியை உண்டாக்கிவிடும். லாமிவுடின் மருந்தை ஏமாற்ற ஒரே ஒரு மாற்றம் போதும்.

1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து ஏ.இஸட்.டி. அதைத் தனியாகக் கொடுத்தபோது சில காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் கிருமி அடங்கியது. மூன்றையும் ஒருசேர ஏமாற்றும் பிழை அமைவது மிக அரிது.

'மருந்தையே நிறுத்திவிட்டால் கிருமி எதை எதிர்க்கப் பழகும்?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மூன்று மருந்தும் ஒரே வேகத்தில் உடலைவிட்டுப் போவதில்லை. முன்பு பரவலாகக் கொடுத்த எஃபாவிரென்ஸ், கூட இருந்த மருந்துகள் போன பிறகும் பல நாள் ரத்தத்தில் தங்கும். பெருகிவரும் கிருமிக்கு எதிரே அது ஒண்டியாக, குறைந்த அளவில் நிற்கும். அதை வெல்லக் கிருமிக்கு இதைவிட நல்ல சமயம் ஏது? விட்டு விட்டுச் சாப்பிடுகிறவருக்கும் இதே கதிதான். இப்படி உண்டான எதிர்ப்புக் கிருமி அணுக்களுக்குள் பல வருஷம் பதுங்கியிருக்கும்.

நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகியவற்றையும் அங்கே கொடுத்து வந்தார்கள். என் வைத்தியத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கூட்டு மருந்துக்குப் பதிலாக எந்த லேகியத்தையும் நான் தரமாட்டேன்.

இப்போது பெரும்பாலோர் சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. டோலுடெக்ராவிரைக் கிருமி எளிதில் வெல்லாது. ஆனால் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் அதைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. சங்கு பற்பம், அயச் செந்தூரம், வயிற்றெரிச்சல் மாத்திரை, சத்து மாத்திரை எதுவானாலும், கூட்டு மருந்து சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். முன்னால் என்றால் 6 மணி நேர இடைவெளி வேண்டும். ஏ.ஆர்.டி. மைய டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

மருந்து கேட்கிறதா என்பதை ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்த்துத்தான் அறியலாம். ஒரு மில்லி லிட்டரில் 1,000-க்கு மேல் இருந்தால், முதலில் 'வேளை தவறியதா?' என்றுதான் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை தவறியதாலா, கிருமி எதிர்ப்பதாலா என்று தெரிந்தால்தான் மருந்தை மாற்றலாமா என்று அவர்களால் முடிவு செய்ய முடியும்.