பழைய பிக்கப் வண்டியில் கைப்பிரேக் பராமரிப்பு

காய்கறி மூட்டைகளுடன் சரிவில் நிறுத்திய வண்டி தானே உருண்டால் உயிருக்கே ஆபத்து. எனவே, கைப்பிரேக் பழுதை உடனே கவனிக்க வேண்டும்.

காரணங்கள்

பெரும்பாலான பழைய வண்டிகளில் கைப்பிரேக்கை இழுத்தால், கேபிள் மூலம் பின்சக்கர டிரம்மினுள் உள்ள ஷூக்கள் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கின்றன. லைனிங் தேய்வதாலும், அதில் எண்ணெய் படிவதாலும், கேபிள் தளர்வதாலும், துருவேறி இறுகுவதாலும் பிடிமானம் குறையும்.

செய்முறை

1. சமதளத்தில் முன்சக்கரங்களின் இருபுறமும் கட்டை வைக்கவும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தவும். பின்பகுதியை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தவும்.

2. டிரம்மைக் கழற்றவும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும்.

3. எண்ணெய் ஊறிய லைனிங் பயன்படாது. கசிவை நிறுத்தியபின் இருபக்க ஷூக்களையும் மாற்றவும். துருவேறிய கேபிளையும் மாற்றவும்.

4. டிரம்மை மாட்டி, முதலில் ஷூ இடைவெளியைச் சரிசெய்து, பிறகே கேபிளை முறுக்கவும். தேய்ந்த ஷூவை விட்டுக் கேபிளை மட்டும் இறுக்கினால் பழுது விரைவில் திரும்பும்.

5. கைப்பிரேக்கை இழுத்தால் இரு சக்கரங்களும் சுழலக்கூடாது. விட்டால் தடையின்றிச் சுழல வேண்டும். உரசினால் டிரம் சூடேறும்.

சரிவில் நிறுத்தும்போது கியரிலும் போட்டு, சக்கரத்திற்குக் கட்டை கொடுப்பது என்றும் நல்லது.