வேரும் நுண்ணுயிரும் நடத்தும் கூட்டு வாணிபம்

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள நம்மவர் கடைகளில் உளுந்து, பாசிப்பயறு, மொச்சை, நிலக்கடலை ஆகியவை மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கொள்முதல் விலையும் விற்பனை விலையும் நமக்கு மனப்பாடம். ஆயினும் அச்செடிகள் மண்ணுக்குள் ஒரு கூட்டாளியுடன் பேசி, உடன்படிக்கை செய்துகொண்டு தழைக்கின்றன என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. அதனை இங்கு ஆராய்வோம்.

பயிர் செழிக்க நைட்ரஜன் சத்து வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன்தான். எனினும் காற்றிலுள்ளதைச் செடி நேரே உண்ண முடியாது. ரைசோபியம் வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்களோ அதைச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்ற வல்லவை. ஆகவே பயறு வகைச் செடிகள் அவற்றைத் தம் வேரில் குடியமர்த்திக் கொள்கின்றன.

வாயில்லாத இவ்விரண்டும் எவ்வாறு பேசுகின்றன? இரசாயனமே இவற்றின் மொழி. முதலில் வேர் ‘பிளேவனாய்டு’ என்னும் பொருளை மண்ணில் கசியவிடுகிறது. இதுவே அழைப்பு. குதிரைமசால் செடியின் அழைப்பு ‘லூட்டியோலின்’ என்னும் பொருள் என்று 1986ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அழைப்பை உணர்ந்த பாக்டீரியா வேறோர் இரசாயனத்தை மறுமொழியாக அனுப்புகிறது. சர்க்கரைத் துண்டுகள் கோத்த சிறு சங்கிலி, அதன் முனையில் ஒரு கொழுப்பு வால்: இதுவே அதன் அமைப்பு என்பதை 1990ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் வெளியிட்டனர். பூட்டுக்கேற்ற சாவி போல் அது பொருந்தினால்தான் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே ஏற்கும். பின்னர் அங்கே சிறு முடிச்சு வளரும்.

பெரும்பாலான பாக்டீரியாக்களின் சாவி சில செடிகளுக்கே பொருந்தும். ஆனால் பாப்புவா நியூகினியில் அவரை வேரிலிருந்து எடுத்த ஒருவகை, நூற்றுக்கு மேற்பட்ட செடிப் பேரினங்களுடன் உறவு கொள்கிறது. மலாயும் சீனமும் தமிழும் பேசி வாடிக்கையாளரைக் கவரும் நம் வணிகரை அது நினைவூட்டுகிறது!

இக்கூட்டில் பற்றும் உண்டு, வரவும் உண்டு. செடி சர்க்கரை கொடுக்கிறது. பாக்டீரியா நைட்ரஜன் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டு கொடுக்காதவனுக்கு என்ன கதி? 2003ல் வெளியான ஓர் ஆய்வில், சோயா வேரின் சில முடிச்சுகளுக்கு நைட்ரஜன் கிடைக்காதவாறு செய்தனர். சரக்கு வராத அந்த முடிச்சுகளுக்குச் செடி பிராணவாயுவைக் குறைத்தது. அங்கிருந்த பாக்டீரியாக்களின் பெருக்கம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிற்று. நாணயம் தவறிய கூட்டாளிக்குக் கடன் நிறுத்தப்படுகிறது!

இந்த உறவின் பயனை நம் நாடு நன்கறியும். 1925ல் நிறுவப்பட்டு, 1998ல் மலேசிய ரப்பர் வாரியத்தில் இணைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் இருந்தது. இளம் ரப்பர் மரங்களுக்கிடையே தரையை மூடும் பயறினக் கொடிகளை வளர்ப்பது தோட்டங்களின் வழக்கம். அவை மண் அரிப்பைத் தடுப்பதோடு நைட்ரஜனையும் சேர்க்கின்றன. 1970களில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஞ்ஞானி பிராட்டன், இக்கொடிகள் ஐந்தாண்டுகளில் சராசரியாக ஏக்டருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 150 கிலோ நைட்ரஜன் சேர்ப்பதாக மதிப்பிட்டார். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கே நைட்ரஜன். எனவே 50 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் இது ஆறரை மூட்டை யூரியாவுக்குச் சமம்!

வீட்டின் பின்புறம் பயத்தங்காய் பயிரிடுவோரும், நிலம் வைத்திருப்போரும் மூன்று செய்திகளை நினைவிற் கொள்வது நலம். முதலாவது, யூரியாவை அள்ளிப் போட்டால் செடிக்குக் கூட்டாளி தேவைப்படாது; முடிச்சுகள் குறையும். இரண்டாவது, ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. மூன்றாவது, கடைகளில் விற்கும் பாக்டீரியா உரம் உயிருள்ள சரக்கு. வெயிலில் வைத்தால் மடிந்துவிடும். ஆகவே எந்தப் பயிருக்கு உரியது, காலாவதித் தேதி எது என்று பார்த்து வாங்க வேண்டும். விற்பவர்களாயின், குளிர்ந்த இடத்தில் வைத்து விற்பது நம் கடமை. செத்த சரக்கை உயிருள்ளதென விற்பது வாங்குவோரின் ஒரு பருவத்து உழைப்பை வீணாக்கும்.