ஆசாரிப்பள்ளமா, 14416-ஆ? மாணவரை எங்கே அனுப்புவது

அட்டண்டன்ஸ் குறைந்த மாணவனை எல்லாருக்கும் தெரியும். தினமும் வந்து, கொண்டுவந்த சோற்றைத் திறக்காமலேயே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் மாணவியைப் பெரும்பாலும் பேராசிரியர் கவனிப்பதில்லை. கவனிப்பவர் லேப் அசிஸ்டென்ட், விடுதி வார்டன், பரீட்சைக் கட்டணம் வாங்கும் கிளார்க். அவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"மக்ளே, ரெண்டு வாரமா பாக்கேன், நீ சரியில்ல. என்ன காரியம்?" என்று தனியாகக் கேட்டாலே போதும், பாதி வேலை முடியும். "ஒண்ணுமில்ல மிஸ்" என்றுதான் முதலில் பதில் வரும். மறுநாளும் கேளுங்கள். அறிவுரை வேண்டாம். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள். ஆபத்து கண்முன் இருந்தால் 108-ஐ அழையுங்கள். மற்றவர்களை எங்கே அனுப்புவது என்பதில்தான் யோசனை வேண்டும்.

முதல் இடம் கல்லூரிக் கவுன்சலர். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் படிக்கும் நிறுவனத்தில் தகுதியுள்ள ஒரு கவுன்சலராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பஸ் செலவில்லை, இரண்டு பீரியடுக்கு நடுவே போய்வரலாம். படிப்புப் பயம், அரியர், காதல் முறிவு, வீட்டுச் சண்டை போன்றவற்றுக்கு இதுவே நல்லது. ஆனால் ஒன்றைப் பாருங்கள்: கவுன்சலராக இருப்பவரே அந்த மாணவருக்கு இன்டர்னல் மார்க் போடுகிறவரா? அப்படியானால் அங்கே அனுப்ப வேண்டாம். மார்க் அவர் கையில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு பயமும் உண்டு. நாகர்கோவிலில் யாரைப் பார்த்தாலும் யாருக்காவது சொந்தம். "யாராவது பாத்தா வீட்டுக்குத் தெரிஞ்சிரும் சார்" என்று சொல்லும் பிள்ளைக்கு 14416 என்ற மனநல உதவித் தொலைபேசி எண் உதவும். மத்திய அரசு 2022 அக்டோபரில் இதை டெலி மானஸ் என்ற பெயரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். இரவும் பகலும் தமிழில் பேசலாம், காசு இல்லை. ஆனால் ஒரே அறையுள்ள வீட்டில் அம்மாவும் தம்பியும் பக்கத்தில் இருக்க, எப்படிப் பேசுவது? ஆளில்லாத லேபைத் திறந்து கொடுங்கள். அந்தப் பிள்ளை பேசி முடிக்கும்வரை நீங்கள் வராந்தாவில் இருங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால், காதில் குரல் கேட்டால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், குடி மிஞ்சினால், பேச்சு மட்டும் போதாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பினால் பாதிப் பேர் போகமாட்டார்கள். முதல் தடவை யாராவது கூடப் போங்கள், ஓபி வரிசையில் கூட உட்காருங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம் என்பதை அங்கே காத்திருக்கும்போதே சொல்லுங்கள். அதே ரகசியம் உங்களுக்கும் பொருந்தும். ஸ்டாஃப் ரூமில் இந்தப் பேச்சு வரக் கூடாது.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகள் திருவனந்தபுரம் போக விரும்புவார்கள். அங்கே தெரிந்த முகம் இல்லை என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் இது ஒரு நாளில் முடியும் வைத்தியம் அல்ல. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போகக் காசும் நேரமும் இருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டார் பாஸ்டரிடமோ கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போவார்கள். தடுக்க வேண்டாம். பல பிள்ளைகளுக்கு முதலில் காது கொடுப்பது பங்குத்தந்தைதான். ஜெபமும் நேர்ச்சையும் மருந்தோடு சேர்ந்து நடக்கட்டும், மருந்துக்குப் பதிலாக வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி தர்கா அருகே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். வீட்டார் பிடிவாதம் பிடித்தால் அதை நினைவுபடுத்துங்கள்.

எதற்கெடுத்தாலும் கவுன்சலிங் என்று அனுப்புவதும் அநியாயம். ராகிங்கில் அடிபட்டவனுக்கு வேண்டியது ராகிங் தடுப்புக் குழுவின் நடவடிக்கை. ஆசிரியரின் பாலியல் தொல்லைக்கு ஆளான மாணவி உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். ஃபீஸ் கட்டாததால் ஹால் டிக்கெட் கிடைக்காதவனுக்கு உதவித்தொகை விண்ணப்பம் வேண்டும். இவர்களுக்கு மனத்தேற்றம் கூடவே கிடைக்கலாம். அதை மட்டும் கொடுத்தால் குற்றம் அவர்கள் மனசில்தான் என்று சொன்னதாக ஆகிவிடும்.

கடற்கரைப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது பள்ளிச் சிறுவர்களாக இருந்தவர்கள் பலர் இப்போது கல்லூரி வயதில் இருக்கிறார்கள். கடலுக்குப் போன அப்பாவின் உடல்கூடக் கிடைக்காத வீடுகள் பல. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மாணவர் ஆண்டுதோறும் நவம்பர் 30 அன்று வகுப்புக்கு வராவிட்டால் ஆப்சென்ட் போடுவதோடு நிறுத்தாதீர்கள். மறுநாள் கூப்பிட்டுப் பேசுங்கள்.

எங்கே அனுப்பினாலும் மூன்றாம் நாள் ஒரு தடவை கேளுங்கள்: "போனியா? அவங்ககிட்ட பேசப் பிடிச்சுதா?" பிடிக்கவில்லை என்றால் கோபப்படாமல் அடுத்த இடத்தைச் சொல்லுங்கள். செமஸ்டர் ரிசல்ட் வரும் அன்று மட்டும் நாலு மணிக்குக் கதவைப் பூட்டாமல், கடைசிப் பஸ் போகும்வரை துறையில் ஒருவர் இருக்கட்டும்.